தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போகட்டும்!



“எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்” என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கேட்டதோடு சரி. புது பைக் வாங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சீட் கவர், டேங்க் கவர், கிராஷ் கார்டு என்று ஒன்று விடாமல் மாட்டுகிறோம். எல்லாம் முடிந்து கையில் மிஞ்சுகிற சில்லறைக்குத்தான் ஹெல்மெட். “ஏதாவது ஒண்ணு குடுங்கண்ணே, போலீஸ்காரருக்குக் காட்டத்தானே!” லட்ச ரூபாய் வண்டியின் பெட்ரோல் டேங்குக்குக் கவர் உண்டு, பிரதானமான சிரசுக்கு மட்டும் கிடையாது!

அடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குத் தினமும் பைக்கில் வந்து போகிறேன். சுமார் 12 கிலோமீட்டர். “இந்தா இருக்கு, இதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு?” என்று நினைக்க வைக்கிற தூரம். ஆனால் அந்தச் சாலை சும்மா இல்லை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744 அது. பஞ்சு மூட்டை லாரி, மில் பஸ், தென்காசி பஸ், கேரளா போகிற சரக்கு வண்டி, நடுவில் மாட்டு வண்டி, ஆட்டு மந்தை, இத்தனைக்கும் இடையில் நாம்!

போன வருட மலரில் ஒரு பக்கம்

போன வருட ஆண்டு மலரைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்கம் ஞாபகம் இருக்கும். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எங்கள் துறையில் எனக்கு சீனியர். டிராயிங் ஷீட்டில் கோடு எப்படிப் போட வேண்டும் என்று முதலாமாண்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன். கடைசி செமஸ்டர் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது இதே சாலையில் போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலிக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது முதலாமாண்டுத் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டான்: “அவர் ஹெல்மெட் போட்டுத்தானேண்ணே போனாரு? போட்டும் போயிட்டாரே, அப்புறம் அது எதுக்கு?”

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கு நான் தர வேண்டிய பதில். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஸ்பாட்டுக்குப் போன எங்கள் வகுப்பு நண்பன் ஒரு விஷயம் சொன்னான். அண்ணனின் ஹெல்மெட் இருபதடி தள்ளி ரோட்டோரத்தில் கிடந்ததாம். ஒரு கீறல் இல்லை, கடையில் வாங்கி வைத்த மாதிரி புதுசாக இருந்ததாம். வார் மாட்டப்படவே இல்லை. அடிபட வேண்டிய ஹெல்மெட் அடிபடாமல் தப்பித்து, தப்பிக்க வேண்டிய தலை அடிபட்டது.

அப்பாவோடு கடைக்குப் போனேன்

என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அந்தச் சாவுக்கு வந்துவிட்டுத் திரும்பியவர் மறுநாள் என் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். மெயின் ரோட்டு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து விற்றவரிடம் நான் 250 ரூபாய்க்கு வாங்கியது. கட்டை விரலால் அமுக்கினார், ஓடு உள்ளே போய் வந்தது. “நம்ம வீட்டு பிளாஸ்டிக் வாளி இதைவிடக் கெட்டியா இருக்குடா” என்றார். அன்று சாயந்திரமே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடையில் நான் நேரே கறுப்பு நிறத்தில், நெருப்புப் படம் போட்ட ஒன்றின் மேல் கை வைத்தேன். கடை அண்ணாச்சி சிரித்தார். “தம்பி, சட்டைக்கு அளவு சொல்றீங்க, செருப்புக்கு நம்பர் சொல்றீங்க. தலைக்கு என்ன நம்பர்?” எனக்குத் தெரியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையை மனசாட்சி மேல் வைத்துச் சொல்லுங்கள்!

டெய்லர் டேப் ஒன்றை எடுத்து என் தலையைச் சுற்றி அளந்தார். 58 சென்டிமீட்டர். அதுவரை நான் போட்டுக்கொண்டிருந்தது 60க்கு மேல். “ஆடுற ஹெல்மெட்டு தலையில இருந்தாலும் ஒண்ணுதான், டேங்க் மேல இருந்தாலும் ஒண்ணுதான்” என்றார் அண்ணாச்சி. அப்போது அதை வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அந்தப் பேச்சின் அர்த்தம் புரிந்தது. வேகம் 30 சொச்சம்தான். குறுக்கே ஒரு நாய். (இராஜபாளையம் நாய் உலகப் பிரசித்தம். இது அந்த ஜாதி இல்லை, சாதாரணத் தெரு நாய்.) பிரேக் பிடித்தேன், ஈர ரோட்டில் வண்டி சறுக்கியது, அடுத்த நிமிடம் நான் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். முழங்கை சிராய்ப்பு, பேண்ட் கிழிசல். தலைக்கு ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டின் இடது பக்கம் மட்டும் தார் ரோட்டில் தேய்ந்திருந்தது.

பட்டறையில் அறுத்துப் பார்த்தோம்

பாலிடெக்னிக் மாணவனின் புத்தி எங்கே போகும்? ஒரு பொருள் கெட்டுப்போனால் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. பட்டறை சாரிடம் அனுமதி வாங்கி, விழுந்த ஹெல்மெட்டையும் பழைய 250 ரூபாய் ஹெல்மெட்டையும் வைஸில் பிடித்து, ஹேக்ஸா பிளேடால் நடுவில் அறுத்தோம்.

250 ரூபாய் சரக்கில் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, அதன் உள்ளே மெத்தை ஸ்பாஞ்சு, அதற்கு மேல் துணி. அவ்வளவுதான். விரலால் அமுக்கினால் ஸ்பாஞ்சு காகிதம் போல ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்றில் கெட்டியான ஓட்டுக்கு உள்ளே வெள்ளையாக, நெருக்கமான மணிகளோடு ஒரு கனமான அடுக்கு. என்ன தெரியுமா? தெர்மோகோல்! ஆண்டு விழா மேடையில் எழுத்து வெட்டி ஒட்டுகிறோமே, அதே இனம். விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன். ஆனால் இது அடர்த்தி கூடியது, நகத்தால் சுலபமாகக் கீற முடியாது. வெர்னியர் வைத்து அளந்தோம். நல்ல இடத்தில் 32 மில்லிமீட்டர், அடிபட்ட இடத்தில் 27. அந்த 5 மில்லிமீட்டர் நசுங்கியே போய்விட்டது, திரும்பி வரவில்லை. “உன் மண்டைக்கு வர வேண்டியதை அது வாங்கிக்கிச்சு” என்றார் பட்டறை சார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சொல்வார்களே, அதை அன்று வெர்னியரில் அளந்தே பார்த்துவிட்டோம்!

கொஞ்சம் கணக்கு

ஹெல்மெட்டின் வேலை தலையைக் கல் மாதிரி காப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு. அதன் வேலை தலையை மெதுவாக நிறுத்துவது. முதல் செமஸ்டரில் படித்த அப்ளைடு பிசிக்ஸை வைத்தே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பொருள் ஒரு உயரத்திலிருந்து விழுந்து, மோதிய பிறகு சிறிது தூரம் நசுங்கி நிற்கிறது. அது சராசரியாக எத்தனை ‘ஜி’ அளவு குலுக்கலைத் தாங்குகிறது என்பதற்குச் சுலபமான வழி, விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுப்பதுதான். (இயக்க ஆற்றலையும் வேலையையும் சமப்படுத்திப் பாருங்கள், நிறை அடிபட்டுப் போய்விடும்.)

பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிற்கிற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே, அந்த உயரத்துக்குத் தலை தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தார் ரோடு நசுங்காது. தோலும் சதையும் ஒரு 3 மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1500 மில்லிமீட்டரை 3ஆல் வகுத்தால் 500 ஜி! நடுவில் தெர்மோகோல் இருந்து அது 20 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால்? 1500ஐ 20ஆல் வகுக்க 75 ஜி. 500 எங்கே, 75 எங்கே? இது சராசரிக் கணக்குதான், உச்ச அளவு இரண்டிலுமே கூடும். ஆனாலும் விகிதம் புரிகிறதல்லவா?

இதிலிருந்தே எல்லாம் விளங்கும். ஸ்பாஞ்சு ஏன் உதவாது? அடி விழுந்ததும் எதிர்ப்பே காட்டாமல் ஒட்டிக்கொள்கிறது. ஒரு முறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டை ஏன் மறுபடி போடக்கூடாது? நசுங்க வேண்டியது ஏற்கெனவே நசுங்கிவிட்டது. ஓடு மட்டும் போதாதா? ஓடு அடியைப் பரவலாக்கும், கூர்மையான கல் குத்தாமல் தடுக்கும், ரோட்டில் வழுக்கிப் போக உதவும். ஆற்றலை விழுங்குவது உள்ளே இருக்கிற தெர்மோகோல்தான்.

இன்னொரு கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் தலை நேராக லாரியில் மோதினால், அது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடியிலிருந்து விழுந்த கணக்கு. எந்த ஹெல்மெட்டும் அதற்கு உத்தரவாதம் தராது. ஹெல்மெட் போட்டதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவர்கள் இதை இரண்டு தரம் படிக்கவும்.

இது எப்போது தொடங்கியது?

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று படமாகவும் வந்த டி.இ.லாரன்ஸ் பெரிய பைக் பிரியர். 1935 மே 13ஆம் தேதி இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் ஒதுங்கப்போய்த் தூக்கியெறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறாம் நாள் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரை விடவில்லை. பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் இராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973இல்தான். ஒரு நல்ல விஷயம் சட்டமாக எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள்!

நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அரசாணை வந்தது, பிறகு பிடி தளர்ந்தது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் பிறப்பித்த உத்தரவால் ஜூலை 1 முதல் ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் மறுபடி கட்டாயமானது. அந்த ஜூன் மாதக் கடைசியில் ஹெல்மெட் கடைகளில் தீபாவளிக் கூட்டம்! இருப்புத் தீர்ந்து, கண்டதெல்லாம் ஹெல்மெட் என்ற பெயரில் விலைபோனது. 2019இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 1000 ரூபாய் என்று ஆனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அதுவே நடைமுறை. இப்போது யோசியுங்கள். ஒரு தரம் மாட்டினால் கட்டும் பணத்தில் ஒரு சுமாரான நல்ல ஹெல்மெட்டே வந்துவிடுமே!

2022ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் போடாத நிலையில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஓட்டியவர்கள்கூட இல்லை.

சரி, எப்படி வாங்குவது?

விஷயத்துக்கு வருவோம். கடைக்குப் போகுமுன் இந்த வரிசையை மனதில் வையுங்கள்.

முதலாவது, அளவு. புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, பின்மண்டையின் மேடான இடத்தைச் சுற்றி டெய்லர் டேப்பால் அளக்கவும். 55, 56 வந்தால் ஸ்மால். 57, 58 மீடியம். 59, 60 லார்ஜ். கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும். சில ஹெல்மெட்டில் 580, 600 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். அளவு சரியாக இருந்தாலும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள், ஏனென்றால் சிலருக்குத் தலை உருண்டை, சிலருக்கு நீளம்.

போட்டதும் கன்னம் இரண்டும் லேசாக அமுங்க வேண்டும், பலூன் ஊதுகிற முகம் மாதிரி. ஹெல்மெட்டை இடம் வலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோலும் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது உங்களுடையது இல்லை. புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது, உள் மெத்தை போகப் போகத் தளர்ந்து கொடுக்கும். ஆனால் பத்து நிமிடம் போட்டிருந்து கழற்றும்போது நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்த மாடல் வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பத்து நிமிடம் போட்டுக்கொண்டே பேரம் பேசுங்கள்!

இரண்டாவது, வார். இதுதான் எங்கள் அண்ணனைக் காப்பாற்றியிருக்க வேண்டியது. தாடைக்குக் கீழே மாட்டி இறுக்கினால் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். பிறகு தலையைக் குனிந்து, யாரையாவது ஹெல்மெட்டின் பின்பக்க அடி விளிம்பைப் பிடித்து மேலே, முன்பக்கமாகத் தூக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் விபத்தில் நிச்சயம் கழலும். இரட்டை வளையப் பூட்டு நம்பகமானது, மாட்டத்தான் கொஞ்சம் பழக வேண்டும். பல் பல்லாக ஏறுகிற பட்டைப் பூட்டு தினசரி உபயோகத்துக்குச் சௌகரியம். ‘டிக்’ என்று மாட்டும் பூட்டு என்றால் பத்துத் தரம் மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, முத்திரை. நம் நாட்டில் ஹெல்மெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 4151. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதுமே சட்ட விரோதம். முத்திரைக்கு மேலே 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெறும் முத்திரையை ஐந்து ரூபாய் ஸ்டிக்கரிலும் அச்சடிக்கலாம். அதனால் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற அரசு ஆப்பில் அந்த உரிம எண்ணைத் தட்டுங்கள். கம்பெனி பெயரும் பொருளும் ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் வணக்கம் சொல்லி அடுத்த கடைக்குப் போங்கள். ‘டாட்’ என்ற அமெரிக்க முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தயாரிப்பாளரே சோதித்துத் தானே ஒட்டிக்கொள்கிற முறை. இங்கே ஐ.எஸ்.ஐ.தான் சட்டம்.

நான்காவது, வகை. ‘சட்டி’ என்று நாம் சொல்கிற அரை ஹெல்மெட் காதையும் பிடரியையும் அம்போ என்று விடுகிறது. முகம் திறந்த ஹெல்மெட் காதை மூடும், தாடையை மூடாது. ஜெர்மனியின் ஹானோவரில் டீட்மார் ஓட்டே என்ற ஆய்வாளர் விபத்துக்குள்ளான ஹெல்மெட்களில் அடி எங்கே பட்டது என்று வரைபடமே போட்டார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில்! ஆகவே நெடுஞ்சாலையில் போகிற நமக்கு முழுமுக ஹெல்மெட்தான் பொருத்தம். தாடைப் பகுதியைத் தூக்கிவிடுகிற மாடலும் உண்டு. அதில் தூக்கிவிட்டபடியே ஓட்டினால் வாங்கியதே வீண்.

ஐந்தாவது, கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி பகலில் ஸ்டைல், இரவில் குருட்டுத்தனம். சாயங்கால லேப் முடித்து இருட்டில் திரும்புகிறவர்களுக்கு வெள்ளைக் கண்ணாடியே ஏற்றது. கீறல் விழுந்ததும் கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள். எதிர் வண்டி ஹெட்லைட் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறினால் பள்ளமும் தெரியாது, ஆளும் தெரியாது.

ஆறாவது, தேதி. உள்ளே ஒட்டிய லேபிளில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். தினம் போடுகிற ஹெல்மெட்டை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கலாம், புத்தகம் வாங்கலாம், ஹெல்மெட் வாங்கக்கூடாது. அது ஏற்கெனவே யாருக்காக நசுங்கியது என்று நமக்கு எப்படித் தெரியும்?

விலையைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபாயை ஒட்டி ஐ.எஸ்.ஐ. உள்ள முழுமுக ஹெல்மெட் கிடைக்கிறது. பத்தாயிரத்துக்கும் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குச் சரியாகப் பொருந்துகிற ஹெல்மெட், பத்தாயிரத்துக்கு ஆடுகிற ஹெல்மெட்டைவிட மேல். இன்னொன்று: புது பைக் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. தரத்தில் ஒரு ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. கேட்டு வாங்குங்கள், அதையும் அளவு பார்த்து வாங்குங்கள்.

நாம் சொல்லும் சாக்குகள்

“வெயில்ல வேகுதுப்பா.” நியாயம்தான். நம் விருதுநகர் மாவட்ட வெயிலுக்கு யாரும் சர்டிபிகேட் தர வேண்டியதில்லை. காற்றுத் துளை உள்ள மாடல், வெளிர் நிறம், கழற்றித் துவைக்கக்கூடிய உள் மெத்தை பார்த்து வாங்குங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டிக்கொள்ளலாம். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது, மெல்லிய துணிக்கா நமக்குப் பஞ்சம்? அதைக் காயத்துக்குச் சுற்றுவதைவிட ஹெல்மெட்டுக்குள் சுற்றுவது நல்லது! ஆனால் துண்டு மாதிரி கனமாகக் கட்டினால் அளவு கெட்டுவிடும்.

“முடி கொட்டுது.” கொட்டுகிற முடி ஹெல்மெட் போடாதவனுக்கும் கொட்டத்தான் செய்கிறது. அழுக்கும் வியர்வையும் தங்கினால் அரிப்பு வரும். வாரம் ஒரு தரம் உள் மெத்தையைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், ஈரத் தலையோடு மாட்டாதீர்கள்.

“ஹாரன் கேக்காது.” ஐ.எஸ். 4151 சோதனைகளில் காது கேட்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஹாரன் கேட்காமல் போவது பெரும்பாலும் ஹெல்மெட்டுக்குள் சொருகியிருக்கிற செல்போனால்.

“பக்கத்துலதான்.” என் 12 கிலோமீட்டரும் பக்கம்தான். அண்ணன் விழுந்த இடமும் அவர் வீட்டுக்குப் பக்கம்தான்.

பராமரிப்பு நாலு வரியில்

பைக் கண்ணாடியின் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டாதீர்கள், உள் தெர்மோகோல் அந்த இடத்தில் குழிந்துவிடும். பெட்ரோல், தின்னர் படவே கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு சிறு தெர்மோகோல் துண்டில் ஒரு துளி தின்னர் விட்டுப் பாருங்கள், கண் முன்னால் கரைந்து குழி விழும். அதனால் ஹெல்மெட்டுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்துத் தலைவர் பெயர் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். பெரிய அடி பட்டால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடுமுன் வாரை அறுத்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்துப் போட்டுவிடக்கூடாது.

முதலாமாண்டுத் தம்பிகளுக்கும், பின்னால் உட்காருகிறவர்களுக்கும்

பத்தாவது முடித்து நேரே டிப்ளமோ சேர்ந்த தம்பிகளே! கியர் வண்டிக்கு லைசென்ஸ் 18 வயதில்தான். அதற்கு முன் ஓட்டிப் பிடிபட்டால் வண்டியின் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் என்கிறது 2019 திருத்தம். நம்மைப் படிக்க வைக்க ஓவர்டைம் பார்க்கிற அப்பாவை அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம். பஸ் பாஸ் இருக்கிறது, கொஞ்ச நாள் பொறுங்கள்.

ஓட்டுகிறவர்களே, வண்டியில் இரண்டு பேர் போனால் இரண்டு ஹெல்மெட். அம்மாவை ஆண்டாள் கோயிலுக்கோ மடவார்வளாகத்துக்கோ கூட்டிப் போகும்போதும் அதேதான். “எனக்கு எதுக்குடா, கொண்டை இருக்கு” என்றுதான் என் அம்மாவும் சொன்னார். கொண்டையைக் கொஞ்சம் தாழ்த்திப் போட்டால் மாட்டலாம் என்று கடை அண்ணாச்சியே வழி சொன்னார். இப்போது எங்கள் வீட்டு ஆணியில் இரண்டு ஹெல்மெட் தொங்குகிறது, ஒன்றில் மஞ்சள் வாசம்.

தம்பிக்குப் பதில்

“போட்டும் போயிட்டாரே” என்று கேட்ட தம்பி இப்போது இரண்டாமாண்டு. தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். அண்ணன் ஹெல்மெட்டைத் தலையில் வைத்திருந்தார், மாட்டியிருக்கவில்லை. மாட்டியிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பாரா? யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஒரு மதிப்பீடு, ஹெல்மெட் விபத்துச் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. அண்ணனுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. இருபதடி தள்ளி ரோட்டோரத்தில் புதுசாகக் கிடந்தது அந்த வாய்ப்புதான்.

இந்த மலரைக் கீழே வைத்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் தையல் டேப் இருக்கும். தலையை அளந்து, அந்த நம்பரை லேப் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். என் நம்பர் 58. உங்கள் நம்பர் என்ன?

அடுத்த ஆண்டு மலரில் நம் எல்லோருடைய போட்டோவும் வரட்டும், குரூப் போட்டோவில்!

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்